வளர மறந்த எலும்பும் வயதறிந்த பல்லும்

1833-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. ஒன்பது வயது நிரம்பாத பிள்ளைகளைப் பஞ்சாலைகளில் வேலைக்கு வைக்கக் கூடாது. ஒன்பதைத் தாண்டிய பிள்ளைகளிடமும் பதின்மூன்று வயது வரை நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் ஆலை வாசலில் நிற்கும் பிள்ளைக்கு ஒன்பது வயது ஆகிவிட்டதா என்பதை யார் சொல்வது? அரசுப் பிறப்புப் பதிவு முறை அங்கே தொடங்கியதே 1837-இல்தான். அதனால் மருத்துவர் ஒருவர் பிள்ளையைப் பார்த்து, ஒன்பது வயதுக்குரிய வலுவும் தோற்றமும் இருப்பதாகச் சான்று எழுதித் தர வேண்டும் என்று வைத்தார்கள். நடைமுறையில் உயரம்தான் வயதாக எண்ணப்பட்டது. ஏழு வயதில் நெடுநெடுவென்று வளர்ந்த பிள்ளை ஆலைக்குள் போய்விடும்.

எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர் 1837-இல் இதுபற்றி ஒரு சிறு நூலை எழுதி நாடாளுமன்றத்தின் பார்வைக்கு வைத்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்த்து அவர் எட்டிய முடிவு இது: வயதைச் சொல்வதில் உயரத்தைவிடப் பற்கள் நம்பத்தக்கவை. பின்னாளில் விக்டோரியா ராணிக்கே பல் மருத்துவரானார் சாண்டர்ஸ். 'சர்' பட்டம் பெற்ற முதல் பல் மருத்துவரும் அவரே. அவர் கண்டது சரிதான். ஏன் சரி என்பது விளங்கத்தான் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

அதே கேள்வி இன்று ஹார்மோன் மருத்துவரின் அறையில் வேறு உருவில் எழுகிறது. இங்கே பிறந்த தேதி எல்லோருக்கும் தெரியும். பிள்ளைக்கு ஒன்பது வயது. உயரமோ ஆறு வயதுப் பிள்ளையின் உயரம். மருத்துவர் முதலில் கேட்பது இடது கையின் எக்ஸ்ரே. கைப்படத்தில் வயது எப்படித் தெரியும்? பிறந்த குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் அங்கே எலும்பே இல்லாததுபோல் வெறுமையாகத் தெரியும். இருப்பதெல்லாம் குருத்தெலும்பு, அது படத்தில் விழாது. முதல் சில மாதங்களில் இரண்டு சிறு புள்ளிகள் தோன்றும். பிறகு ஒவ்வொன்றாக மற்றவை தோன்றி, மணிக்கட்டின் எட்டு எலும்புகளும் நிறைய ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். எந்த வயதில் எது தோன்றும், எது எந்த வடிவம் பெறும் என்பதை அமெரிக்காவின் கிரூலிச், பைல் இருவரும் 1950-இல் படத்தொகுப்பாகவே வெளியிட்டார்கள். பிள்ளையின் படத்தை அதோடு ஒப்பிட்டுச் சொல்வதுதான் 'எலும்பு வயது'.

இன்னொரு படமும் உண்டு. பல் மருத்துவமனையில் தலையைச் சுற்றிவந்து இரண்டு தாடைகளையும் ஒரே பட்டையாக எடுத்துத் தரும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே. முளைத்த பற்களோடு, ஈறுக்குள் ஒளிந்து வளரும் பற்களும் இதில் தெரியும். கனடாவின் மான்ட்ரியலைச் சேர்ந்த டெமிர்ஜியன் 1973-இல் இதற்கு ஒரு கணக்கு வகுத்தார். கீழ்த்தாடையின் இடப்பக்கத்தில் ஏழு பற்கள். ஒவ்வொன்றின் வளர்ச்சியிலும் எட்டுப் படிகள். நுனியில் சுண்ணாம்பு படியத் தொடங்குவது முதல் படி, வேரின் முனை மூடிக்கொள்வது கடைசிப் படி. ஏழு பற்களின் மதிப்பெண்களையும் கூட்டினால் 'பல் வயது' கிடைக்கும்.

வளர்ச்சி ஹார்மோன் குறைந்த பிள்ளையிடம் இந்த இரண்டு படங்களும் ஒத்துப்போவதில்லை. எலும்பு வயது உண்மை வயதுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் பின்தங்கியிருப்பது சாதாரணம். பல் வயதும் சற்றுப் பின்தங்கும், ஆனால் பெரும்பாலும் ஓராண்டு அளவில் நின்றுவிடும். ஒரே பிள்ளை, ஒரே சாப்பாடு, ஒரே இரத்தம். மணிக்கட்டு ஆறு வயது என்கிறது, தாடை எட்டு என்கிறது. இந்த இடைவெளிக்குள் மனித வளர்ச்சியின் அழகான ரகசியங்கள் பல அடங்கியிருக்கின்றன.

முதலில் எலும்பு. தொடை எலும்பு நடுவில் நீள்வதில்லை. அதன் இரு முனைகளுக்கும் அருகே மெல்லிய குருத்தெலும்புத் தகடு ஒன்று உண்டு. அதை 'வளர்தட்டு' என்போம், எலும்பு நீள்வது அங்கேதான். அதற்குள் செல்கள் காசுகளை அடுக்கியதுபோல் வரிசையாக நிற்கும். ஒரு பக்கத்தில் செல்கள் பிளந்து பெருகும். மறுபக்கம் நகர நகர ஒவ்வொரு செல்லும் ஏறத்தாழப் பத்து மடங்கு பருக்கும். பருத்துத் தள்ளுவதால்தான் எலும்பு நீள்கிறது. பருத்த செல் தன் வேலையை முடித்துக்கொள்ள, அந்த இடத்தில் சுண்ணாம்பு படிந்து எலும்பாகிறது. பிறக்கும்போது ஐம்பது சென்டிமீட்டர் இருக்கும் குழந்தை முதல் ஆண்டில் மட்டும் இருபத்தைந்து சென்டிமீட்டர் வளர்கிறது. பள்ளிப் பருவத்தில் அந்த வேகம் ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டருக்கு இறங்குகிறது. உச்சி முதல் பாதம் வரை பல வளர்தட்டுகள் சேர்ந்து உழைத்துத் தருவது ஒரு நாளைக்கு கால் மில்லிமீட்டர்கூட இல்லை.

இந்த வளர்தட்டுகளுக்கு ஆணை வருவது மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து. பட்டாணி அளவு, எடை ஏறக்குறைய அரை கிராம். வளர்ச்சி ஹார்மோன் என்பது 191 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம். சுரப்பி இதைத் தொடர்ந்து கசியவிடுவதில்லை, அலை அலையாக வெளியிடுகிறது. மிகப் பெரிய அலை எழுவது இரவில், ஆழ்ந்த உறக்கம் பிடித்த சற்று நேரத்தில். வெளிவந்த ஹார்மோனில் பாதி இருபது நிமிடங்களுக்குள் இரத்தத்திலிருந்து மறைந்துவிடும். அதனால் நல்ல ஆரோக்கியமான பிள்ளைக்கும் பகலில் ஏதோ ஒரு நேரத்தில் இரத்தம் எடுத்தால் அளவு ஏறத்தாழப் பூஜ்யம் என்று வரலாம். ஒரே ஒரு முறை இரத்தம் எடுத்துப் பார்த்து "ஹார்மோன் இல்லை" என்று முடிவுகட்டினால் தவறாகிவிடும். குளோனிடின், குளுகோகன் போன்ற மருந்தைக் கொடுத்துச் சுரப்பியைத் தூண்டி, சீரான இடைவெளியில் பலமுறை இரத்தம் எடுத்துத்தான் பார்ப்பார்கள்.

ஹார்மோன் போய்ச்சேரும் இடத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. செல்லின் மேல் அதை ஏற்கும் புரதங்கள் உண்டு. ஒரு ஹார்மோன் மூலக்கூறு தன் இரு பக்கங்களாலும் ஒரே மாதிரியான இரண்டு ஏற்பிகளைப் பற்றிக்கொள்கிறது. இரண்டும் பிடிபட்டால்தான் செல்லுக்குள் செய்தி போகும். கல்லீரலில் இந்தச் செய்தி கிடைத்ததும் அது ஐ.ஜி.எஃப்-1 என்னும் இரண்டாவது தூதுப் பொருளை உண்டாக்கி இரத்தத்தில் விடுகிறது. இன்சுலினின் சாயல் கொண்ட வளர்ச்சிக் காரணி என்பது அந்தப் பெயரின் பொருள். வளர்தட்டே தன் பங்குக்கு இதைத் தயாரித்துக்கொள்கிறது. மேலிருந்து ஆணை வராவிட்டால் வளர்தட்டு அழிந்துபோகாது, காத்திருக்கும். எலும்பு வயது பின்தங்குவதன் பொருளே இந்தக் காத்திருப்புதான். சிகிச்சைக்கு நம்பிக்கை தருவதும் அதுவே.

எவ்வளவு காலம் காத்திருக்கும்? பருவமடையும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் வந்து வளர்தட்டை மூடும் வரை. ஆண்களிலும் அந்த வேலையைச் செய்வது பெண் ஹார்மோன் என்று நாம் சொல்லும் ஈஸ்ட்ரோஜன்தான். 1994-இல் அமெரிக்காவில் 28 வயது ஆண் ஒருவரைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். மரபணுப் பிழையால் அவருடைய செல்கள் ஈஸ்ட்ரோஜனை உணரவில்லை. உயரம் 204 சென்டிமீட்டர், எலும்பு வயது பதினைந்து. வளர்தட்டுகள் திறந்தே இருந்தன. அவர் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார்.

இப்போது பல்லுக்கு வருவோம். பல்லில் வளர்தட்டு கிடையாது. அது வேறொரு திட்டப்படி கட்டப்படுகிறது, அந்தக் கட்டுமானம் நம்ப முடியாத அளவுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கரு ஆறு வார வயதில் இருக்கும்போதே வாயின் உள்தோல் தடித்துப் பல்மொட்டுகளுக்கு இடம் வகுக்கிறது. நான்காம் மாதத்தில் பால் பற்களில் சுண்ணாம்பு படிய ஆரம்பிக்கிறது. ஆறு வயதில் முளைக்கப்போகும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் கெட்டிப்படத் தொடங்குவது குழந்தை பிறக்கும் சமயத்தில். பொக்கை வாயோடு சிரிக்கும் பச்சிளங்குழந்தையின் ஈறுகளுக்குள் இருபது பால் பற்களும் உருவாகிக்கொண்டிருக்கின்றன. பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகு முளைக்க வேண்டிய பல்லும் அங்கே ஒரு மூலையில் வேலையைத் துவங்கிவிட்டது.

ஒவ்வொரு நாளும் பல் தன் மேல் ஒரு கோடு போட்டுக்கொள்கிறது. பல்லின் வெளி ஓடான எனாமலைச் செதுக்கி நுண்ணோக்கியில் பார்த்தால் அந்தக் கோடுகள் தெரியும். ஒரு நாள் அடுக்கின் தடிமன் சில மைக்ரான்தான், அதாவது தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்கு போல. ஏழு முதல் ஒன்பது நாளுக்கு ஒருமுறை சற்று அழுத்தமான கோடும் விழும். பால் பற்களிலும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்லிலும் தனியாக, தெளிவாக ஒரு கோடு இருக்கும். கருப்பையை விட்டு வெளியே வந்த அதிர்ச்சியைப் பல் குறித்து வைத்துக்கொண்ட கோடு அது. நமது பிறந்தநாள் நம் பல்லில் எழுதப்பட்டிருக்கிறது. அகழாய்வில் கிடைத்த குழந்தைப் பல்லிலிருந்து, அந்தக் குழந்தை பிறந்து எத்தனை நாள் வாழ்ந்தது என்று ஆய்வாளர்கள் எண்ணிச் சொல்வது இந்தக் கோடுகளை வைத்துத்தான். எலும்பு தன்னைத் தானே அழித்து அழித்துப் புதுப்பித்துக்கொள்ளும் திசு, பழைய பதிவு அதில் தங்காது. எனாமல் ஒருமுறை எழுதினால் எழுதியதுதான். பல் முளைக்கும்போது அதைக் கட்டிய செல்களும் உதிர்ந்துபோகின்றன. திருத்தவோ கூட்டவோ பிறகு ஆள் இல்லை.

வளர்ச்சி ஹார்மோன் குறைந்தாலும் பல் பெரும்பாலும் நேரத்தைத் தவறவிடாதது ஏன் என்பதற்கு இங்கே விடையின் ஒரு பகுதி கிடைக்கிறது. கருப்பைக்குள் குழந்தை வளர்வதற்குத் தன் சொந்தப் பிட்யூட்டரியின் வளர்ச்சி ஹார்மோனை அதிகம் நம்பியிருப்பதில்லை. அங்கே இன்சுலினும் ஐ.ஜி.எஃப் குடும்பமும் நஞ்சுக்கொடியும் பார்த்துக்கொள்கின்றன. ஹார்மோன் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தையும் பிறப்பில் ஏறக்குறைய மற்றக் குழந்தைகளின் நீளமே இருப்பது அதனால்தான். உயரம் பின்தங்குவது பிறகே தெரியவரும். பற்களின் திட்டமோ அதற்குள் பாதி வழி வந்துவிட்டது. பல்மொட்டில் எந்த மேடு, எந்தப் பள்ளம், எத்தனை வேர் என்பதெல்லாம் மொட்டுக்குள்ளேயே செல்கள் ஒன்றோடொன்று பேசித் தீர்மானிப்பவை. இரத்தத்தில் வரும் ஆணைக்கு அங்கே வேலை குறைவு.

குறைவு என்றுதான் சொல்கிறேன், அறவே இல்லை என்று சொல்லவில்லை. பல்லின் உட்பகுதியான டென்டினைக் கட்டும் செல்களிலும், எனாமலைக் கட்டும் செல்களிலும் வளர்ச்சி ஹார்மோனின் ஏற்பிகள் இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பால் பல் விழுவதும் நிரந்தரப் பல் முளைப்பதும் தாமதமாகலாம். முளைப்பது என்பது பல் மட்டும் செய்யும் வேலை அல்ல என்பதுதான் இதற்குக் காரணம். மேலே இருக்கும் எலும்பு கரைந்து வழிவிட வேண்டும், பால் பல்லின் வேர் கரைய வேண்டும், தாடை இடம் தர வேண்டும். அங்கே மறுபடி எலும்பின் ஆட்சி வந்துவிடுகிறது. தைராய்டு ஹார்மோன் குறைந்த பிள்ளைகளிடம் இந்தத் தாமதம் இன்னும் கூடுதலாக இருக்கும். உயரமும் குறைந்து பல்லும் வெகுவாகத் தாமதித்தால் மருத்துவர்கள் தைராய்டைப் பார்க்காமல் விடுவதில்லை.

தாடையின் கதை இன்னும் சுவையானது. மண்டையோட்டின் மேற்பகுதி மூளை பெருக்கும் அழுத்தத்தால் விரிகிறது. ஹார்மோன் குறைந்தாலும் மூளை வளர்ந்துவிடுவதால் தலை ஏறத்தாழ வயதுக்கேற்ற அளவை எட்டும். கீழ்த்தாடையோ காதுக்கு முன்னால் இருக்கும் மூட்டு முனையில் ஒரு குருத்தெலும்பை வைத்துக்கொண்டு வளர்கிறது. அந்தக் குருத்தெலும்புக்கு வளர்ச்சி ஹார்மோனும் ஐ.ஜி.எஃப்-1-உம் வேண்டும். அவை குறைந்தால் தாடையின் பின்பகுதி குட்டையாகி, முகவாய் உள்வாங்கி, முகம் வயதைவிட மிக இளமையாகத் தெரியும். பற்களின் அளவு குறைவதில்லை. நிரந்தரப் பற்கள் முழு அளவில் வந்து சின்னத் தாடையில் இடம் தேடும்போது ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்து முளைக்கின்றன. இதற்கு நேர் எதிர்த் தோற்றத்தை, வளர்ந்த பிறகு பிட்யூட்டரியில் கட்டி வந்து ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கும் அக்ரோமெகலி நோயாளிகளிடம் பார்க்கலாம். தாடை மறுபடி வளர்ந்து முன்னே நீளும், பற்களுக்கு நடுவே இடைவெளி விழும். ஆனால் எவ்வளவு ஹார்மோன் ஓடினாலும் பல் ஒரு மயிரிழைகூடப் பருக்காது.

இத்தனை சக்தி வாய்ந்த ஹார்மோனை மருந்தாக்கிய வரலாறு மகிழ்ச்சியும் துயரமும் கலந்தது. நீரிழிவுக்கு மாடு, பன்றியின் இன்சுலின் மனிதருக்கு உதவியது. அதே நம்பிக்கையில் மாட்டின் வளர்ச்சி ஹார்மோனைக் கொடுத்துப் பார்த்தார்கள், மனித உடல் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மனிதருக்கு மனித ஹார்மோன்தான் வேண்டும். சோ ஹாவோ லி என்ற அறிவியலாளர் தன் சகாவோடு 1956-இல் அதைப் பிரித்தெடுத்தார். 1958-இல் பாஸ்டனைச் சேர்ந்த மாரிஸ் ரேபன், பதினேழு வயதுப் பையன் ஒருவனுக்கு மனித ஹார்மோனைக் கொடுத்ததில் அவன் வளரத் தொடங்கியதை அறிவித்தார். அன்று அதற்கு இருந்த ஒரே ஊற்று, இறந்தவர்களின் பிட்யூட்டரி. ஒரு பிள்ளைக்கு ஓராண்டு மருந்து தர டஜன் கணக்கில் சுரப்பிகள் தேவைப்பட்டன. 1963-இல் அமெரிக்கா இதற்கென்றே தேசிய பிட்யூட்டரி முகமை ஒன்றை ஏற்படுத்தியது. பற்றாக்குறை ஓயவே இல்லை. மிகக் கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டுமே, அதுவும் அளவோடு கிடைத்தது.

1985-இல் இடி விழுந்தது. சிறுவயதில் அந்த ஊசி போட்டுக்கொண்ட இளைஞர்கள் சிலர் குரூய்ட்ஸ்ஃபெல்ட் யாக்கோப் நோயால் இறந்தார்கள். மூளையைத் துளைத்துக் கடற்பஞ்சுபோல் ஆக்கிவிடும் நோய் அது. அதற்குக் காரணம் பிரியான் என்னும், உருக்கோணிய ஒரு புரதம். இறந்தவர் யாரோ ஒருவரின் சுரப்பியிலிருந்து மருந்துக்குள் வந்து, பல ஆண்டுகள் அமைதியாக இருந்து பிறகு தலைகாட்டியது. உலகெங்கும் 200-க்கும் மேற்பட்டோர் இப்படி இறந்தார்கள், அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பிரான்ஸ் நாட்டினர். பிள்ளை நான்கு விரற்கடை கூடுதலாக வளர வேண்டும் என்று ஆசைப்பட்ட பெற்றோருக்கு நேர்ந்த இந்தத் துயரத்தை, வளர்ச்சி ஹார்மோனைப் பற்றி எழுதும் எவரும் சொல்லாமல் விடக் கூடாது.

நல்ல வேளையாக மாற்று தயாராகிக்கொண்டிருந்தது. கலிஃபோர்னியாவின் ஜெனன்டெக் நிறுவனத்தில் 1979-இலேயே மனித ஹார்மோனுக்கான மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்தி, அதைக்கொண்டே ஹார்மோனைச் செய்துகாட்டியிருந்தார்கள். பழைய மருந்து நிறுத்தப்பட்ட அதே 1985-இல் புதியதற்கு அனுமதி கிடைத்தது. அதில் ஒரு சின்ன மிச்சம் இருந்தது: பாக்டீரியா எந்தப் புரதத்தைத் தொடங்கினாலும் முதலில் வைக்கும் அமினோ அமிலம் ஒன்று ஒட்டிக்கொண்டு 192 ஆகிவிட்டது. இரண்டு ஆண்டுகளில் அச்சு அசலாக 191 கொண்ட மருந்தும் வந்துவிட்டது. நம் குடலில் வாழும் ஒரு நுண்ணுயிர் இனம் இன்று உலகத்துப் பிள்ளைகளுக்கு வளர்ச்சி ஹார்மோன் சமைத்துத் தருகிறது. கல்லறைக்கும் அதற்கும் இனித் தொடர்பில்லை.

ஊசி போடுவது வீட்டிலேயே, பேனா வடிவக் கருவியால், தோலுக்கு அடியில். இயற்கையின் பெரிய அலை இரவில் என்பதால் படுக்கப்போகும் நேரத்தில் போடுவது வழக்கம். இருபது கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு நாள் அளவு ஏறக்குறைய அரை மில்லிகிராம், சர்க்கரையில் ஒரு பரலின் எடை. வாரம் ஒருமுறை போட்டால் போதும் என்னும் நீண்டநேர வகைகளும் இப்போது வந்துள்ளன. ஹார்மோன் குறைபாட்டால் ஆண்டுக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் ஊர்ந்துகொண்டிருந்த பிள்ளை, முதல் ஆண்டிலேயே எட்டு முதல் பன்னிரண்டு சென்டிமீட்டர் தாவும். பள்ளிச் சீருடையை ஆண்டு நடுவில் மாற்ற வேண்டி வரும். வளர்தட்டு இத்தனை காலம் காத்திருந்தது வீண்போகவில்லை.

அந்தத் தாவலில் பல் கலந்துகொள்கிறதா? இதுபற்றி வந்த ஆய்வுகளில் பல சிறு குழுக்களை வைத்து நடந்தவை, எல்லாம் ஒரே அளவைச் சொல்லவில்லை. ஆனாலும் அவற்றில் ஒரு பொதுச் சித்திரம் தெரிகிறது. உயரம் பாய்கிறது, எலும்பு வயது நகர்கிறது, தாடையின் பின்பகுதி நீண்டு முகம் வயதுக்கு நெருங்கி வருகிறது. பற்களின் முதிர்ச்சி மட்டும் தன் நடையில் ஏறக்குறைய அப்படியே போகிறது. பல் சீரமைப்பு மருத்துவருக்கு இது மிக முக்கியமான செய்தி. உள்வாங்கிய தாடையை முன்னே கொண்டுவரும் கருவிகளை, தாடை வேகமாக வளரும் காலத்தில் மாட்டினால்தான் முழுப் பலன். பல் முளைத்திருப்பதை மட்டும் பார்த்து "நேரம் வந்துவிட்டது" என்று தொடங்கினால், ஹார்மோன் குறைந்த பிள்ளைக்கு அது மிக முன்கூட்டியதாக இருக்கலாம். ஊசி தொடங்கியபின் தாடையே தானாகக் கொஞ்சம் இடம் உண்டாக்கித் தரவும் கூடும். நெருக்கத்தைக் குறைக்க நல்ல பல்லைப் பிடுங்குவதற்கு முன், ஹார்மோன் மருத்துவரோடு ஒரு வார்த்தை பேசிவிடுவது நல்லது.

எலும்பும் பல்லும் இரு வழியில் போவதைப் பார்த்துவிட்டோம். பல்லும் பிட்யூட்டரியும் ஒரே தாய்வீட்டுப் பிள்ளைகள் என்பது இதைவிடப் பெரிய வியப்பு. கரு நான்கு வாரம் இருக்கும்போது வாயின் கூரை மேல்நோக்கி ஒரு சிறு பையாகக் குழிகிறது. 1838-இல் ஜெர்மன் உடற்கூறியலாளர் மார்ட்டின் ராத்கே இதை விவரித்தார். இந்தப் பை மேலேறி, வாயிலிருந்து அறுபட்டு, மூளையின் அடியில் போய் ஒட்டிக்கொள்கிறது. வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும் முன் பிட்யூட்டரி இப்படித்தான் பிறக்கிறது. நம்மை வளர்க்கும் சுரப்பி வாயின் தோலிலிருந்து கிளம்பியது. இரண்டு வாரம் கழித்து அதே வாய்த்தோலின் இன்னொரு பகுதி கீழ்நோக்கி இறங்கிப் பல்மொட்டாகிறது.

உறவு அறுந்தாலும் அடையாளம் மிஞ்சுகிறது. மிக அரிதாகச் சில பிள்ளைகளுக்கு மேல்வரிசை நடுவில் இரண்டு முன்பற்களுக்குப் பதிலாக, சரியாக மையத்தில் ஒரே ஒரு பல் முளைக்கும். ஐம்பதாயிரம் பிறப்புகளில் ஒன்று என்பது கணக்கு. பார்ப்பதற்கு அழகுக்குறை போலத் தோன்றும் இது, முகத்தின் நடுக்கோட்டில் கரு உருவானபோது ஏற்பட்ட பிழையின் தடம். அதே நடுக்கோட்டில்தான் பிட்யூட்டரியும் இருக்கிறது. ஆகவே இப்படிப்பட்ட பிள்ளைகளில் சிலருக்கு வளர்ச்சி ஹார்மோன் குறைபாடும் இருக்கும். விழிப்பான பல் மருத்துவர் ஒருவர் ஒற்றைப் பல்லைப் பார்த்துவிட்டு "பிள்ளை உயரம் ஒழுங்காக வளர்கிறதா?" என்று கேட்பார். பிட்எக்ஸ்-2 என்ற மரபணு பழுதானால் சில பற்கள் முளைக்காமலே போகும், சிலருக்குப் பிட்யூட்டரியும் குறைபடும். ராத்கே பையின் மிச்சத்திலிருந்து எழும் ஒருவகை மூளைக்கட்டி, நுண்ணோக்கியில் எனாமல் கட்டும் திசுவைப் போலவே காட்சி தரும். உயரம் நின்றுபோவதற்கு அந்தக் கட்டியும் ஒரு காரணமாக இருப்பதுண்டு. அமெரிக்காவில் நான்கு மாதக் குழந்தை ஒன்றின் தலைக்குள் இருந்த அத்தகைய கட்டியில், நன்கு உருவான பற்களே இருந்ததை 2014-இல் மருத்துவர்கள் அறிவித்தார்கள். தான் வாயிலிருந்து வந்ததை அந்தத் திசு மறக்கவில்லை.

எல்லா உயரக் குறைவிலும் பல் பின்தங்கும் என்றும் எண்ண வேண்டாம். ஏறத்தாழ 2,000 அல்லது 2,500 பெண் குழந்தைகளில் ஒருத்தி டர்னர் நிலையோடு பிறக்கிறாள். இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று முழுதாகவோ பகுதியாகவோ இருக்காது. சிகிச்சை இல்லாவிட்டால் அவள் வளர்ந்தபின் தன் இனத்துப் பெண்களைவிட இருபது சென்டிமீட்டர் அளவுக்கு உயரம் குறைந்திருப்பாள். ஆனால் பற்களோ முந்திக்கொண்டு வளரும்! நிரந்தரக் கடைவாய்ப்பற்கள் வகுப்புத் தோழிகளுக்கு முன்பே முளைக்கும். எனாமல் மெல்லியது, வேர்கள் குட்டை. எனாமலின் முக்கியப் புரதமான அமெலோஜெனினுக்கு உரிய மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதை இங்கே நினைவில் கொள்ளலாம். அதன் பிரதி ஒய் குரோமோசோமிலும் இருக்கிறது, நீளத்தில் சற்று வேறுபட்டு. தடயவியல் கூடங்களில் ஒரு துளி இரத்தத்தை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லப் பயன்படுவது இந்தப் பல் மரபணுதான். டர்னர் நிலைக்கு வளர்ச்சி ஹார்மோன் தர 1996-இல் அமெரிக்கா அனுமதித்தது. உயரம் கூடுவது உறுதியாகியிருக்கிறது. வேர்கள் குட்டையாக இருப்பதால் இந்தப் பெண்களுக்குப் பல் கம்பி மாட்டும்போது அழுத்தத்தில் கவனம் வேண்டும்.

ஹார்மோன் அளவு சரியாகவே இருந்தும், காரணம் ஏதும் அகப்படாமல், உயரம் மிகக் குறைந்திருக்கும் பிள்ளைகளும் உண்டு. இவர்களுக்கும் இந்த ஊசியைப் போடலாம் என்று 2003-இல் அமெரிக்க மருந்துத் துறை அனுமதித்தது. பல ஆண்டுகள் நாள்தோறும் ஊசி போட்டபின் இறுதி உயரத்தில் சராசரியாகக் கிடைக்கும் கூடுதல் நான்கு முதல் ஏழு சென்டிமீட்டர் வரை. செலவு பெரிது. தலைவலி, மூளையைச் சுற்றிய நீரின் அழுத்தம், இடுப்பு மூட்டு நழுவுதல், முதுகெலும்பு வளைவு கூடுதல் ஆகியவற்றுக்குக் கண்காணிப்பும் வேண்டும். என் கருத்தில், ஹார்மோன் இல்லாத பிள்ளைக்கு இந்த ஊசி உரிமை. ஹார்மோன் உள்ள பிள்ளைக்கு அது நிதானமாக யோசித்து, அந்தப் பிள்ளையையும் கேட்டு எடுக்க வேண்டிய முடிவு. உயரம் குறைந்திருப்பது மட்டும் நோயாகிவிடாது.

வீட்டில் பிள்ளை இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, செருப்பில்லாமல், சுவரோடு நிறுத்தி உயரத்தை அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். நான்கு வயதுக்கும் பருவமடைவதற்கும் இடையே ஆண்டுக்கு நான்கு சென்டிமீட்டருக்கும் குறைவாக வளர்ந்தாலோ, வகுப்பில் எல்லோரையும்விடக் கீழே போய்க்கொண்டே இருந்தாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஏழரை எட்டு வயதாகியும் ஒரு பால் பல்கூட விழவில்லை என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பல் மருத்துவரிடம் போகும்போது அந்த உயரக் குறிப்பையும் எடுத்துப் போங்கள். உயரம் கூட்டும் பொடி, டானிக் என்று விற்பவற்றில் காசைப் போடாதீர்கள். வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம், வாய் வழியே போனால் வயிற்றிலேயே செரித்துவிடும். முக்கியமாக, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். வளர்தட்டு மூடிவிட்டால் எந்த ஊசியாலும் அதைத் திறக்க முடியாது.